ஓர் எழுத்து மாறிய கதை

பெயருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ‘உனக்கு ஏன் இந்தப் பேரு வச்சாங்க?’ என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ‘எங்க தாத்தா பேரு’ என்று சொல்வார்கள். ‘சோகா’ என்ற இசையின் பெயரிலும் தாத்தா பாட்டிமார் கதை ஒன்று இருக்கிறது.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று திரினிடாட். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினர் வளர்த்த பாட்டு கலிப்சோ. 1838இல் அடிமைத்தளை முற்றும் அறுந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 மே 30ஆம் நாள் முதல் கப்பல் இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியரை அங்கே இறக்கியது. 1917 வரை 1,40,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த கதைதான் அதுவும். அவர்களோடு டோலக்குத் தாளமும் கடல் கடந்தது.

அங்கே லெங்குவா என்ற ஊரில் 1941இல் பிறந்தவர் கார்ஃபீல்ட் பிளாக்மேன். ஆப்பிரிக்க வம்சத்தவர், ஆனால் இந்தியர் நடுவே அவர்கள் இசையைக் கேட்டு வளர்ந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். மேடைப் பெயரோ ‘லார்ட் ஷார்ட்டி’, அதாவது குள்ளப் பிரபு!

1970களில் ஜமைக்காவின் ரெகே இசை ஓங்கியது. ‘கலிப்சோ செத்துப்போச்சு’ என்று பேச்சு எழுந்தது. ஷார்ட்டிக்கு மனம் பொறுக்கவில்லை. 1973இல் ‘இந்திராணி’ என்ற பாட்டில் கலிப்சோவோடு இந்திய வாத்தியங்களைச் சேர்த்தார். ‘பாட்டையே கெடுத்துட்டான்’ என்று ஏசினார்கள். அவர் விடவில்லை. அதே இந்தியத் தாளத்தைக் கித்தாரிலும் டிரம்மிலும் வாசிக்க வைத்தார். மக்கள் ஆடத் தொடங்கினார்கள்.

பெயருக்கு அவர் சொன்ன விளக்கம் இது: ‘சோ’ கலிப்சோவிலிருந்து வந்தது, ‘கா’ இந்திய எழுத்து வரிசையின் முதல் மெய்யிலிருந்து வந்தது. ஒன்று ஆப்பிரிக்கர் பங்கு, மற்றது இந்தியர் பங்கு. ஆங்கிலத்தில் ‘கே, ஏ, எச்’ என்று அவர் முடித்ததைப் பத்திரிகை ‘சி, ஏ’ என்று அச்சிட்டது, அதுவே நிலைத்தது. பிறகு, ‘கலிப்சோவின் ஆன்மா’ என்பதன் சுருக்கமே சோகா என்று பலரும் சொல்லலாயினர். அதுவும் நல்ல பொருள்தான். ஆனால் கரும்பு வெட்டிய மக்களின் அடையாளம் அதில் மறைந்துபோனது.

மாணவச் செல்வங்களே! அந்தக் ‘க’ நீங்கள் முதலாம் ஆண்டில் எழுதிப் பழகிய எழுத்துத்தான். உங்க தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்துல வேலை செஞ்சாங்க, என்ன பாட்டுப் பாடினாங்கன்னு இன்னைக்கே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாம் எழுதாமல் விட்டதைப் பிறர் தம் விருப்பம்போல் எழுதிவிடுவார்கள்.