குடல் திறந்த கதவு

1919. லண்டனில் ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி, வெயில் படாமல் வளர்த்த நாய்க்குட்டிகளுக்குத் தானியக் கஞ்சியையே முக்கிய உணவாகக் கொடுத்தார். குட்டிகளின் கால்கள் வளைந்தன. புகை மூடிய தொழில் நகரங்களின் குழந்தைகளை வாட்டிய அதே ரிக்கெட்ஸ் நோய்! காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் நோய் விலகியது.

அந்த எண்ணெயில் நோயைத் தீர்த்தது எது? 1922இல் அமெரிக்காவின் பால்டிமோரில் எல்மர் மெக்காலம் எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் காற்றைக் குமிழ்குமிழாகச் செலுத்தினார். வைட்டமின் ஏ அழிந்தது. எலும்பைத் தேற்றும் ஆற்றல் மட்டும் அழியவில்லை. ஏ, பி, சி ஏற்கெனவே இருந்ததால், புதியதற்கு 'டி' என்று பெயர்.

ஆனால் அது வேலை செய்யும் முக்கிய இடம் எலும்பு அல்ல, சிறுகுடல்.

1966இல் ஆய்வாளர்கள் வாஸர்மேனும் டெய்லரும் கோழிக்குஞ்சின் குடல் சவ்வில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் அந்தப் புரதம், வைட்டமின் டி கிடைத்த குஞ்சுகளில்தான் உருவானது. எலும்புக்கு வேண்டிய கால்சியம் உணவிலிருந்து குடலைக் கடந்து ரத்தத்தில் சேர இந்த வைட்டமின் எப்படி உதவுகிறது என்பதற்கு இது ஒரு துப்பு.

குடலுக்கும் வைட்டமினுக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. சீலியாக், குரோன் நோய்களில் குடல் புண்பட்டுக் கொழுப்பை உறிஞ்சத் திணறும்போது, உண்ட வைட்டமினும் வீணாகிறது. அதனால்தான் அத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.