சங்கிலியைப் பூட்டிய கை

‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்ற சொல்லை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்ட இடம் திரையரங்கம்தான். தொப்பூர்க் கணவாயைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் நம் மக்களுள் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நேரில் கண்டவர் மிகச் சிலரே. ஆயினும் அப்பெயரைச் சொல்லிச் சிரிக்கத் தெரியாதவர் இல்லை. நகைச்சுவைக் காட்சிகள் ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல் ஆக்கிவிட்டன. மனநோயுற்ற ஒருவரை அவருடைய விருப்பம் இல்லாமலே அடைத்து வைப்பது மிகக் கனமான செயல். அதைப் பற்றி நம் திரைப்படங்கள் நமக்கு எதைக் காட்டின, எதைக் காட்டாமல் விட்டன என்பதை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

கீழ்ப்பாக்கத்தின் கதை

சென்னையில் மனநோயாளருக்கென ஒரு விடுதியை 1794இல் வேலன்டைன் கனோலி என்னும் ஆங்கிலேய மருத்துவர் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. அக்காலத்தில் குணமாக்குவதைவிடக் காவலில் வைப்பதே முதன்மையான நோக்கமாய் இருந்தது. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் அந்த நோக்கிலேயே அமைந்தது. உறவினர் மனுக் கொடுப்பார், மருத்துவர் சான்று அளிப்பார், நடுவர் ஆணையிடுவார், கதவு பூட்டப்படும். உள்ளே போகிறவர் என்ன சொல்கிறார் என்பதற்கு அந்த நடைமுறையில் மிகக் குறைந்த இடமே இருந்தது.

1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், புறநோயாளர் பிரிவுக்கு வழிகோலினார். நோயாளி சிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தது. 1984இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தையும் அவர் உருவாக்கினார். 2021இல் மறைந்த அந்த அம்மையாரின் பணி, மதில்களுக்குள் இருந்தவர்களுக்கு வாசலைத் திறந்த பணி. ஆனால் அந்தத் திறந்த வாசல் நம் திரைக்கதைகளில் இடம்பெறவில்லை. பூட்டிய வாசல்தான் இடம்பெற்றது.

அமெரிக்கச் சேலத்திலிருந்து வந்த கதை

கென் கேசி 1962இல் எழுதிய நாவலைத் தழுவி, மிலோஸ் ஃபோர்மன் இயக்கிய ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ 1975இல் வெளிவந்தது. நம் அண்டை நகரின் பெயரையே தாங்கிய, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சேலத்தில், உண்மையான மனநல மருத்துவமனையிலேயே அது படமாக்கப்பட்டது. அம்மருத்துவமனையின் தலைவரான டாக்டர் டீன் புரூக்ஸ், படத்திலும் மருத்துவராகவே நடித்தார். ஐந்து ஆஸ்கார் விருதுகளை அப்படம் பெற்றது.

சிறையில் உழைக்க மனமின்றிப் பித்தனாய் நடித்து உள்ளே வரும் ஒருவன், தன்னோடிருப்பவர்களுள் பெரும்பாலோர் தாமாகவே வந்தவர்கள், விரும்பினால் நாளையே வெளியேறக் கூடியவர்கள் என்று அறிந்து திகைக்கிறான். போகலாம் என்றிருப்பவர்கள் அச்சத்தால் போவதில்லை. போகத் துடிப்பவனை விடுவதில்லை. முடிவில் மூளை அறுவையால் அவன் நடைப்பிணமாக்கப்படுகிறான்.

இதே கருவைக் கொண்டு பிரியதர்சன் 1986இல் மலையாளத்தில் ‘தாளவட்டம்’ எடுத்தார். அது 1988இல் பிரபுவும் சரண்யாவும் நடிக்க ‘மனசுக்குள் மத்தாப்பு’ எனத் தமிழுக்கு வந்தது. மருத்துவமனையை இரும்புக் கரத்தால் ஆளும் கொடிய மருத்துவர் நமக்கு அறிமுகமானார். ஆனால் காலத்தை நாம் கணக்கிட வேண்டும். மூளை அறுவை முறையை 1935இல் தொடங்கிய போர்ச்சுகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ், 1949இல் நோபல் பரிசு பெற்றார். 1950களில் மருந்துகள் வந்தபின் அம்முறை மெல்ல மெல்ல மறைந்தது. நம் திரையில் அது தோன்றியபோது, உலகம் அதைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தது. 1938இல் ரோம் நகரில் அறிமுகமான மின்னதிர்வுச் சிகிச்சையும் இவ்வாறே. இன்று மயக்க மருந்தோடு அளிக்கப்படும் அந்த மருத்துவத்தை, திரைப்படங்கள் தண்டனையாகவே காட்டிவந்தன. “அங்கே போனால் ஷாக் வைப்பார்கள்” என்னும் அச்சம் ஊர்தோறும் பரவியிருக்கிறது. மருத்துவரிடம் செல்லத் தயங்கிய குடும்பங்கள் வேறு வாசல்களை நாடியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணமாயிற்று.

சேதுவும் ஏர்வாடியும்

அந்த வேறு வாசலைத் தமிழ்த் திரை ஒருமுறை துணிந்து காட்டியது. 1999 டிசம்பரில் வெளிவந்த பாலாவின் ‘சேது’வில், தலையில் அடிபட்டு அறிவு கலங்கிய நாயகன் பாண்டி மடத்தில் விடப்படுகிறான். காலில் சங்கிலி, சுற்றிலும் அவனைப் போன்றவர்கள். தெளிவு திரும்பிய பின்னும் அவனுக்கு அங்கிருந்து எளிதில் வழி கிடைக்கவில்லை. தப்பி ஓடி வருகிறான். காதலி இறந்து கிடக்கிறாள். மீண்டும் அந்த மடத்துக்கே நடக்கிறான். தமிழகமே கண்ணீர் விட்டது. ஆயினும் நாம் அழுதது நிறைவேறாத காதலுக்காக. அந்தச் சங்கிலியைப் பற்றி நாம் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை.

இருபது மாதங்கள் கழிந்தன. 2001 ஆகஸ்டு 6, நம் திருச்சபை ஆண்டவரின் தோற்றமாற்ற விழாவைக் கொண்டாடும் நாள். அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் ஒருவர் நடத்திய மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

அதே ஆண்டு நவம்பரில் ‘ஆளவந்தான்’ வெளியாயிற்று. மனநோயாளர் காப்பிலிருந்து தப்பிய கொலைகாரன் ஊரை நடுங்க வைக்கும் கதை அது. கட்டுண்டு எரிந்த 28 பேரின் நினைவு ஆறுமுன்பே, மனநோயாளர் என்றால் அஞ்ச வேண்டியவர் என்ற பழைய பாடம் மறுபடியும் ஒப்பிக்கப்பட்டது. 2004இல் வந்த ‘காதல்’ சற்றே வேறு வழி சென்றது. சித்தம் கலங்கித் தெருவில் அலைபவனை, அவன் காதலியை மணந்தவரே கைப்பிடித்துச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறார். நெடுஞ்சாலை ஓரத்தில் அழுக்கேறிய துணியோடு நடப்போரை அடிக்கடி காணும் நமக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று.

பூட்டியவர் யார்?

இப்படங்கள் பலவற்றில் பூட்டுகிற கை மருத்துவரின் கை. ஏர்வாடி காட்டியது வேறு. அங்கிருந்தோரைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அவர்களைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பிட நமக்கு உரிமை இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து, கடன்பட்டு, அயலாரின் ஏளனம் கேட்டு, கை சோர்ந்த பிறகே அவர்கள் அந்த வாசலுக்கு வந்தனர். அவர்களைத் தனியே விட்ட நமக்கும் அதில் பங்குண்டு.

குணசீலம் பெருமாள் கோயிலும் ஏர்வாடி தர்காவும் போலவே, நம் புளியம்பட்டி புனித அந்தோனியார் திருத்தலமும் இத்தகைய குடும்பங்கள் தலைமுறைகளாக நாடி வரும் இடம். நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு நாம் அளிக்க வேண்டியது எது? பெல்ஜியத்தின் கீல் நகரம் ஒரு விடை தருகிறது. மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் கோயிலுக்கு வந்த நோயாளர்களை, இடைக்காலத்திலேயே அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்தனர். அந்த வழக்கம் மருத்துவக் கண்காணிப்போடு இன்றும் தொடர்கிறது. செபமும் மருந்தும் அங்கே பகைவர் அல்ல.

நம் நாட்டிலும் சட்டம் மாறிவிட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1987ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் பெற்றன. இன்று எவ்வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடுவது குற்றம். தாமே விரும்பிச் சேர்வதே பொது விதி. முடியாத நிலையில் பிறர் துணையோடு சேர்க்கப்பட்டால், முதற்கட்டமாக 30 நாள்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. தமக்காகப் பேச ஒருவரை நோயாளி முன்னதாகவே நியமிக்கலாம். சேர்க்கப்பட்டதை எதிர்த்து மறு ஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவை இரவு பகலாக ஆலோசனை தருகிறது. தருமபுரி அரசு மருத்துவமனைக்கோ பெங்களூரு நிம்ஹான்சுக்கோ துணையாகச் செல்லவும், மாதந்தோறும் மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்ளவும் நம் அன்பியங்களில் இருவர் முன்வந்தால் போதும்; ஒரு குடும்பத்தின் கை சோராது.

மாற்கு நற்செய்தியில், கல்லறைகளிடையே விலங்கிடப்பட்டு அலைந்த கெரசேனரை இயேசு குணமாக்கினார். ஆடை உடுத்தித் தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தவரைக் கண்டு ஊரார் மகிழவில்லை, அஞ்சினார்கள். தம்மோடு வர விரும்பியவரை ஆண்டவர் அவருடைய சொந்த வீட்டாரிடமே அனுப்பினார். அந்த வீட்டார் அவரை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பதை நற்செய்தி சொல்லவில்லை. நம் தெருவிலும் அப்படி ஒருவர் வீடு திரும்பும்போது, அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.