சதுரகிரி டார்ச் முதல் புலிக் கேமரா வரை

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு நிலா துணைக்கு வராது. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை வந்து சேர்ந்தால், அங்கிருந்து சுந்தர மகாலிங்கம் சன்னதி வரை பாறையும் ஓடையும் மாறி மாறி வரும் பாதை. இப்போது வனத்துறை குறித்த பகல் நேரத்தில்தான் ஏற விடுகிறது. இராத்திரி நடை வழக்கமாக இருந்த காலத்தில், கட்டுச்சோற்றுக்கு அடுத்தபடியாகத் தோள்பையில் இடம்பிடித்தவை டார்ச் லைட்டும் உபரியாக ஒரு ஜோடி கட்டை பேட்டரியும்தான். பாதி மலையில் வெளிச்சம் மங்கினால் கடை கிடையாது. ஆகவே எந்தக் கட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது இந்த வட்டாரத்தில் பெட்டிக்கடை வாசலிலேயே பேசித் தீர்க்கப்பட்ட விஷயம்.

அந்தக் கட்டையின் வம்சம் பழையது. 1866-ல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே துத்தநாகத்தையும் மாங்கனீசு டை ஆக்சைடையும் வைத்து ஈர மின்கலம் ஒன்றைச் செய்தார். இருபது ஆண்டு கழித்து ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதிலிருந்த திரவத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குப்பிக்குள் அடைத்தார். கவிழ்த்தாலும் சிந்தாத செல் வந்த பிறகுதான் கையில் பிடிக்கும் டார்ச் பிறந்தது. இந்தியாவில் எவரெடி 1939-ல் கல்கத்தாவிலும் 1952-ல் சென்னையிலும் தொழிற்சாலை போட்டது. 1972-ல் ஜப்பானின் மட்சுஷிடா தொழில்நுட்பத்தோடு தொடங்கிய இந்தோ நேஷனல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிப்போ பேட்டரியை விற்றது. தென் மாவட்டக் கடைகளில் அதிகம் புழங்கிய பெயர்கள் இந்த இரண்டும்தான்.

இராஜபாளையத்திலிருந்து சேத்தூர், தேவதானம் வரை மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு டார்ச் என்றால் காவல். காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றியும் சில இடங்களில் யானையும் இறங்கும். வீட்டுக்கு இரண்டு கட்டை டார்ச் போதும். தோப்புக்கு மூன்றோ ஐந்தோ வேண்டும். மங்கிய கட்டையைத் தூக்கி எறிவதும் இல்லை. கூரை மேலோ திண்ணையிலோ வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்பப் போடுவார்கள். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. ஆனால் அதில் உண்மை இருக்கிறது: சூடு ஏறும்போது உள்ளே வேதிவினை வேகம் பிடிக்கிறது, கட்டித்துப்போன பசையும் கொஞ்சம் இளகிப் பரவுகிறது. ஒரு மணி நேரமாவது வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு. துத்தநாகக் குப்பியே மின்முனை என்பதால், செல் உழைக்க உழைக்கக் குப்பி கரைந்து ஓட்டை விழும். அதிலிருந்து கசிந்த பசை டார்ச்சின் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தபோது இதே கட்டைகள் இலங்கை வானொலியைக் கேட்கவும் உழைத்தன. ரேடியோ அதிக மின்சாரம் கேட்காத சாது; செல் மாதக்கணக்கில் ஓடியது. சிக்கல் ஆரம்பித்தது கேமராவில்.

கடைகளில் பென்டார்ச் பேட்டரி, பென்சில் செல் என்று கேட்டு வாங்கும் மெலிந்த ஏஏ செல், அமெரிக்காவில் 1907-லேயே பிறந்துவிட்டது. 14.5 மில்லிமீட்டர் விட்டம், 50.5 மில்லிமீட்டர் நீளம் என்ற அளவு இன்றுவரை மாறவில்லை. ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கு அது ஃபிலிம் காலத்திலேயே பழக்கம். 1970களில் உலகெங்கும் புகழ்பெற்ற விவிடார் 283 போன்ற ஃபிளாஷ்கள் நான்கு ஏஏ செல்லில் ஓடின. ஃபிளாஷுக்குள் இருக்கும் கெபாசிட்டரை முந்நூறு வோல்ட் அளவுக்கு ஏற்றி, ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அந்த விசில் சத்தம், பிறகு சிவப்பு விளக்கு. செல் புதிதாக இருந்தால் சில நொடியில் எரியும். தாலி கட்டும் நேரத்தில் பழைய செல் இருந்தால் கெட்டிமேளம் அடங்கிய பிறகுதான் எரியும்.

டிஜிட்டல் கேமராவுக்கும் ரீசார்ஜ் செல்லுக்கும் உள்ள உறவு ஆதியிலேயே தொடங்கியது. 1975-ல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா பதினாறு நிக்கல் காட்மியம் செல்களைச் சுமந்தது. 3.6 கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி. இருபது ஆண்டு கழித்து, 1995-ல், கேசியோ கியூவி-10 பின்புறத்தில் சின்னத் திரையோடு வந்தது. படத்தை உடனே பார்க்கலாம் என்ற அதிசயத்துக்கு விலையாக நான்கு ஏஏ செல்லை விரைவாகக் குடித்தது. 2003-ல் வந்த கேனன் பவர்ஷாட் ஏ70 நான்கு ஏஏ கேட்டது; 2005-ல் வந்த ஏ510 இரண்டோடு நிறுத்திக்கொண்டது. தனி பேட்டரி வைத்த கேமராக்களைவிட இவை குறைந்த விலையில் கிடைத்தன. அவசரத்துக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் செல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று விற்பனையாளர்கள் சொன்னதும் இந்த ரகத்துக்குத்தான்.

சொன்னது பாதி சரி. வாங்கிப் போடலாம், படம் எடுக்கத்தான் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ரத வீதி சுற்றும் நாளில், வீதியோரக் கடையில் வாங்கிய சாதாரண கார்பன் செல்லைப் போட்டவருக்கு நாலைந்து படத்திலேயே கேமரா மூக்கை உள்ளிழுத்துக்கொண்டு அணைந்துவிடும். அதே செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். செல் தீரவில்லை, கொடுக்கும் வேகம்தான் போதவில்லை. கண்மாய் நிரம்பியிருந்தாலும் மடை குறுகலாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயாது. செல்லின் உள்மின்தடை அந்த மடை. சிறிய மின்னோட்டத்தில் 2,500 மில்லி ஆம்பியர் மணி தரக்கூடிய அல்கலைன் செல்கூட, கேமரா கேட்கும் ஒரு ஆம்பியர் அளவில் அதில் பாதியைத் தருவதே அரிது.

நிக்கல் செல்கள் இங்கேதான் ஜெயித்தன. ஸ்வீடனின் வால்டெமார் யூங்னர் 1899-ல் கண்ட நிக்கல் காட்மியத்தில் மடை அகலம், கண்மாய் சிறியது. போதாததற்குக் காட்மியம் நஞ்சு. 1989 வாக்கில் விற்பனைக்கு வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு காட்மியத்தை வெளியேற்றி, அதே உடம்புக்குள் ஏறக்குறைய இரு மடங்கு கொள்ளளவைத் தந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கி இதில் முன்னோடி. 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸ் காரும் இதே ரசாயனத்தில்தான் ஓடியது. தமிழ்நாட்டுக்கு மின்வேதியியல் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 ஜனவரியிலேயே திறக்கப்பட்டுவிட்டது. பேட்டரி ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஆனாலும் இராஜபாளையம் கடைத்தெருவுக்கு வந்த ஏஏ ரீசார்ஜ் செல்கள் பெரும்பாலும் ஜப்பானிலும் சீனாவிலும் செய்தவை.

புதிய செல்லின் வோல்ட் 1.5 அல்ல, 1.2 என்பது பலரை மிரட்டியது. குறைந்த வோல்ட் என்றால் குறைந்த சக்தி என்று நினைப்பது இயல்பு. நிஜத்தில், கார்பன் செல் 1.5-ல் தொடங்கிக் கேமராவின் சுமை விழுந்ததும் சரிகிறது. நிக்கல் செல் கடைசிவரை 1.2-ஐ ஒட்டியே நிற்கிறது.

அடுத்து எண்களின் பந்தயம். 1,600, 1,800, 2,100, 2,300, 2,500, கடைசியில் 2,700 மில்லி ஆம்பியர் மணி என்று உறையில் எண் ஏறிக்கொண்டே போனது. அதிக எண்ணே சிறந்த செல் என்று வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. உள்ளே அதிகம் திணிக்கத் திணிக்கப் பிரிப்புத் தாள் மெலிந்தது, சும்மா கிடக்கும்போதே செல் கரைந்தது. சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒரு மாதத்தில் இருபது, முப்பது சதவீதம் இழக்கும்; வெயிலில் இன்னும் வேகமாக. வெள்ளிக்கிழமை சார்ஜ் செய்து திங்கட்கிழமை முகூர்த்தத்துக்குப் போகிற ஸ்டுடியோவுக்குப் பரவாயில்லை. பொங்கலுக்கு சார்ஜ் செய்து சித்திரையில் பையைத் திறக்கும் குடும்பத்துக்கு அது காலிக் கட்டை.

2005 நவம்பரில் சான்யோ நிறுவனம் எனிலூப் செல்லை வெளியிட்டது. உறையில் வெறும் 2,000. ஆனால் ஒரு வருடம் சும்மா இருந்த பிறகும் 85 சதவீதம் மிச்சம் இருக்கும் என்றது. ஏஏ செல்லின் கதையில் உண்மையான திருப்பம் இதுதான், 2,700 அல்ல. பந்தயத்தில் பின்வாங்கி ஜெயித்த செல் இது. பின்னர் சான்யோவை பானசோனிக் வாங்கியபோது அந்தப் பெயரும் கூடவே போனது.

தமிழ்நாட்டில் இன்னொரு எதிரி இருந்தது. 2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போய், சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நிலை வந்தது. மலிவு சார்ஜர்கள் செல் நிறைந்ததா என்று பார்ப்பதில்லை. எட்டு மணி, பத்து மணி என்று நேரம் எண்ணும் ரகம். இடையில் மின்சாரம் போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முக்கால்வாசி நிறைந்த செல்லுக்கு மேலும் எட்டு மணி நேரம் ஏறும். செல் கொதிக்கும், ஆயுள் போகும். வாங்கிய ஆறு மாதத்தில் ரீசார்ஜ் செல் வீண் என்று முடிவு கட்டியவர்களில் பலருக்கு உண்மையில் கெட்டது சார்ஜர்தான். விவரம் தெரிந்த ஸ்டுடியோக்காரர்கள் வோல்ட்டின் சிறு சரிவைக் கண்டு தானே நிறுத்தும் சார்ஜருக்குக் கூடுதல் காசு கொடுத்தார்கள். நான்கு நான்காகச் செல்லுக்கு எண் எழுதி, ஒரு கூட்டத்தை இன்னொன்றோடு கலக்காமல் வைத்தார்கள். நான்கில் ஒன்று நலிந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கொன்றுவிடும்.

இத்தனையும் பழகி முடிப்பதற்குள் செல்போன் வந்து சின்னக் கேமராவை விழுங்கியது. ஏஏ செல் கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷோடு மட்டும் தங்கிவிட்டது. அதன் அடுத்த பெரிய வேலை ஊருக்கு மேற்கே, மலையில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988-ல் அமைந்தது சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். அதையும் தேனி மாவட்ட மேகமலையையும் இணைத்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. காப்பகம் என்றால் கணக்கெடுப்பு; கணக்கெடுப்பு என்றால் தானியங்கிக் கேமரா. 1920களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் வட இந்தியக் காட்டில் கம்பி கட்டி, புலி தடுக்கியதும் மெக்னீசியப் பொடி வெடிக்கும்படி செய்து படம் எடுத்தார். அந்தப் படங்களின் தொகுப்பு 1927-ல் நூலானது. 1990களில் உல்லாஸ் காரந்த் நாகரஹொளேயில் புலியின் வரிகளைக் கைரேகை போலக் கொண்டு எண்ணிக் காட்டினார். இரு பக்க வரிகளும் வேறு வேறு என்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வேண்டும்.

2018 தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைக்கப்பட்டு 3.48 கோடிப் படங்கள் பதிவாகின; கின்னஸ் சாதனை. புஷ்னெல் ட்ரோஃபி கேம் ரகத்துக்கு எட்டு ஏஏ, ரீகோனிக்ஸ் ஹைப்பர்ஃபயருக்குப் பன்னிரண்டு. இடத்துக்கு ஒரே கேமரா, அதற்கு எட்டே செல் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. தோப்புக் காவலின் பழைய கேள்வி வேட்டைத் தடுப்புக் காவலரின் முதுகுப்பையில் திரும்ப வந்துவிட்டது: மலை ஏறிக் கட்டிவிட்டு வந்தால் எத்தனை நாள் தாங்கும்? வாரக்கணக்கில் சும்மா விழித்திருந்து, திடீரென ஃபிளாஷ் அடிக்க வேண்டிய கருவி அது. தன்னால் கரையாததும் வேகமாகக் கொடுப்பதுமான செல்தான் அதற்குப் பொருந்தும். சில நிறுவனக் கையேடுகள் 1.2 வோல்ட்டை விரும்பாமல் லித்தியமோ அல்கலைனோ போடச் சொல்கின்றன. போட்டால் தீர்ந்த கட்டையைக் கீழே சுமந்து வரும் வேலையும் சேரும். சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்த அணிலோ இந்தக் கேமராக்களுக்கு அதிகம் சிக்குவதில்லை. அது மரத்துக்கு மரம் தாவுவது. அதன் கூட்டை எண்ணித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

பழைய கட்டைகள் எங்கே போயின என்று கேட்டால் கிணற்றடி, குப்பைமேடு, தோப்பு வரப்பு. 2001-ன் பேட்டரி விதிகள் ஈய அமில பேட்டரிகளை மட்டுமே கண்டுகொண்டன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளில்தான் ஏஏ செல்லும் சேர்ந்தது. திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர் தலையில் வந்தது. பெட்டிக்கடை வரை அது இன்னும் முழுசாக இறங்கவில்லை.

இப்போது கடைகளில் யுஎஸ்பி ஒயரிலேயே சார்ஜ் ஆகும் லித்தியம் ஏஏ செல்கள் தொங்குகின்றன. உள்ளே ஒரு சிறு மின்சுற்று கடைசிவரை சரியாக 1.5 வோல்ட் கொடுத்துவிட்டு, ஒரே நொடியில் கையை விரித்துவிடும். மங்குவது என்ற முன்னறிவிப்பே அதற்குக் கிடையாது. வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கும் கேமராவின் அளவுக்குறி, அணைவதற்கு முந்தைய படம் வரை முழுதாகவே காட்டிக்கொண்டிருக்கும். உறையில் 3,500 என்றும் அதற்கு மேலும் அச்சிட்டிருக்கும். அது பல சமயம் மில்லி வாட் மணிக் கணக்கு என்பதால், வாங்குகிறவர் முதலில் 1.5-ஆல் வகுத்துவிட்டு அப்புறம் விலையைக் கேட்பது நல்லது.