நெல்லுக்கு ஒரு கோட்டை – 7: மூலையில்லாத வீடு

சென்ற வாரம் இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சிய வாசலில் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். 1292 அளவில் பியூலி மடத்துத் துறவிகள் எழுப்பிய அந்தக் களஞ்சியம் 152 அடி நீளம். நம்மவர்களின் பெரிய களஞ்சியமோ வட்டம். ஏன்?

விடை அறுவடையில் இருக்கிறது. அங்கே மழைக்கும் குளிருக்கும் பயந்து, கதிர்க்கட்டுகளை அப்படியே உள்ளே அடுக்கினார்கள். வண்டி நுழைய உயர்ந்த வாசல் வேண்டும். கூரைக்குக் கீழேயே கதிரடிக்க இடம் வேண்டும். கட்டடம் நீண்டது. நமக்கு வெயில் இருக்கிறது. வயலோரக் களத்திலேயே சூடடித்துத் தூற்றி, மணியை மட்டும் கொண்டுவருகிறோம். கதிர்க்கட்டு சுவரைத் தள்ளாது. குவித்த நெல் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் தள்ளும். நேர்ச்சுவர் என்றால் நடுவில் வயிறு தள்ளி, மூலையில் வெடிக்கும். வட்டச் சுவரில் அந்த அழுத்தம் சுற்றிலும் ஒரே சீராகப் பரவிவிடும். ஈரமும் பூச்சியும் தங்க மூலையும் கிடையாது.

இந்த அறிவு செங்கல்லாக நிற்கும் இடம், தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறை. பாலைவனநாதர் கோயில் வளாகத்தில், ஏறக்குறைய 36 அடி உயரத்தில், கூம்பிய தலையோடு எழுந்திருக்கிறது அந்த நெற்களஞ்சியம். கொள்ளளவு 3000 கலம். கலத்துக்குப் 12 மரக்கால். மேலே, நடுவே, கீழே என்று திறப்புகள். மேலே கொட்டிக் கீழே எடுத்தால் பழைய நெல்தான் முதலில் வெளியே வரும். புது நெல்லின் அடியில் பழையது கிடந்து மக்குவதில்லை. கணக்குப்பிள்ளையின் கவனத்தை நம்பாமல், கட்டடத்தையே கணக்குப் பார்க்க வைத்திருக்கிறார்கள். கோபுரத்தைக் கட்டியவனுக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தக் கொத்தனுக்கும் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விளைச்சலில் பங்கு வாங்கிய முறையும் இடத்துக்கு இடம் மாறியது. ஐரோப்பாவில் திருச்சபைக்குப் பத்திலொன்று போனது. இலங்கையிலும் வெள்ளைக்காரர் ஆட்சி பத்திலொன்று என்ற கணக்கில் நெல்வரி வாங்கியது. 1892 இல்தான் அது ஒழிந்தது. சோழ நாட்டுக் கோயில்களுக்கோ ஊர் ஊராக நெல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அதை அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று நடராசர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கோயிலுக்கு வருவாய் தர எழுதப்பட்ட ஊர்களில் ஈழமண்டலத்து ஊர்களும் உண்டு. நம் மண்ணின் விளைச்சலும் இராசராசனின் கணக்கில் ஏறியிருக்கிறது!

இங்கே இலங்கையில், இரத்மலானைத் திருநந்தீசுவரம், பறங்கியர் (போர்த்துக்கேயர்) இடித்த பழைய கோயில் என்று மரபு சொல்கிறது. கோயில் இடிந்தால் அதன் நெல்லறையும் போகும். அதனால்தான் நம் கோயில்களின் களஞ்சியம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கப் பாபநாசம் வரை போகவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் பயணம் நம்மைத் திரும்ப ஈழத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. திருப்பாலைத்துறைக் களஞ்சியத்தைக் கட்டியவர் 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர். யாழ்ப்பாணத்து அரசர் சங்கிலி, பறங்கியருக்கு எதிராக உதவி கேட்டு நின்றது இவரிடம்தான். காவிரி நெல்லை உண்ட படை கடல் கடந்தது.

1619 இல் பறங்கியர் தளபதி பிலிப்பே த ஒலிவேராவின் சேனை யாழ்ப்பாணத்துக்குள் புகுந்தது. சங்கிலி பிடிபட்டார். அரசு வீழ்ந்தது. இனி எதிர்க்க ஆளில்லை என்றுதான் ஒலிவேரா நினைத்திருக்கவேண்டும்.

அடுத்த ஆண்டே தஞ்சைப் படை மறுபடி வந்தது. இந்த முறை அதோடு சேர்ந்து கிளர்ந்தவர் மிகப்பிள்ளை ஆராச்சி. அவர் கும்பிட்டது பறங்கியர் கும்பிட்ட அதே சிலுவையை. அப்படிப்பட்டவர் ஏன் ஒலிவேராவுக்கு எதிராக வாளெடுத்தார்?

(அடுத்த வாரம்)