சாமியில்லாக் கோயில்

வேலூரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு. ராஜாவில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று ஊரின் குறைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போகும். ஐந்தாவதாக ஊர்ப் பெண்களின் அழகைப் பற்றியும் ஒரு குறை சொல்வார்கள். அதைச் சேர்த்தவர் நிச்சயமாக வெளியூர்க்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அது போகட்டும். மற்ற நான்கில் ராஜா இனித் திரும்பப் போவதில்லை. பாலாறு மழைக்காலத்தில் எப்போதாவது மனம் இரங்கினால் உண்டு. ஆனால் அந்த இரண்டாவது குறை மட்டும் 1981ஆம் வருஷம் மார்ச் மாதம் 16ஆம் தேதியோடு பொய்யாகிவிட்டது. அன்று சாமி கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

நல்ல செய்திதானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். பேச நிறைய இருக்கிறது. ஏனென்றால், விதிப்படி அவர் திரும்பியிருக்கக் கூடாது.

வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. விஜயநகரத்தின் அந்திமக் காலத்தில் இந்தச் சீமையை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர், மகா பண்டிதரான அப்பைய தீட்சிதரைப் பொன்னால் அபிஷேகம் செய்து கௌரவித்தவர். அவர் காலத்துக் கோட்டை இது. 133 ஏக்கர் பரப்பு, கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேசுவரர் ஆலயம். அதன் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்தவர்கள், கல்லைக் குடைந்தவன் கையில் உளி இருந்ததா, மெழுகு இருந்ததா என்று சந்தேகப்படுவார்கள்.

பிறகு கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயத் தளபதி, ஆர்க்காட்டு நவாபு, கடைசியில் கும்பினியார். இந்தப் பந்தாட்டத்தின் நடுவில் எப்போதோ கோயிலில் பூஜை நின்றது. லிங்கத்தைக் கோட்டைக்கு வெளியே, சத்துவாச்சாரியில் பத்திரப்படுத்தினார்கள். கர்ப்பக்கிருகம் காலியாயிற்று. வெள்ளைக்காரர் காலத்தில் கோயில் ராணுவத் தளவாடக் கிடங்காக இருந்தது. கல்யாண மண்டபத்தின் அழகில் மயங்கிய கும்பினியார், அதைக் கல் கல்லாகப் பெயர்த்துச் சீமைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள் என்றும், ஏற்றிச் செல்ல வந்த கப்பல் வழியில் மூழ்கிவிட்டதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. மண்டபம் இன்றும் நிற்கிறது. அதுவரைக்கும் நமக்குத் திருப்தி.

இந்தக் கோட்டைக்கு விதிகளோடு உள்ள விரோதம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1806இல் சென்னை ராணுவத்தில் சில உத்தரவுகள் வந்தன: சிப்பாய்கள் நெற்றியில் சின்னம் தரிக்கக்கூடாது, தாடியைச் சிரைக்கவேண்டும், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதுமாதிரித் தலைப்பாகையை அணியவேண்டும். தோல் என்றதும் ஹிந்துவும் துடித்தான், முஸ்லிமும் துடித்தான். உத்தரவு போட்டவர்கள் அணியப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்து சேர்வதற்குள் பல வெள்ளையர்கள் மாண்டார்கள். வந்த பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். ஒரு விதி நல்லதா கெட்டதா என்பதைவிட, அதற்குக் கீழே வாழப்போகிறவனைக் கேட்டுச் செய்ததா என்பதுதான் முக்கியம் என்ற பாடத்தை வேலூர் அன்றே ரத்தத்தால் எழுதிவைத்தது.

கட்டடங்களைக் காப்பதற்கான விதி அதற்கு 98 வருஷம் கழித்து வந்தது. கர்ஸன் பிரபு காலத்தில், 1904இல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கர்ஸனிடம் நமக்கு ஆயிரம் குறை உண்டு. வங்காளத்தை இரண்டாக வெட்டியவர் அவர். ஆனாலும் இந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தச் சட்டமும், சுதந்திரத்திற்குப் பின் அதன் இடத்திற்கு வந்த 1958ஆம் வருஷத்துச் சட்டமும் இல்லாவிட்டால், கோட்டை மதில் கற்கள் எத்தனையோ வீடுகளுக்கு அஸ்திவாரமாகப் போயிருக்கும்.

தொல்பொருள் இலாகாவின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் பராமரிப்புக்கென்று ஒரு கையேடு எழுதினார். இலாகாவின் வேதம் என்றே அதைச் சொல்லலாம். பழையதைப் புதியதாக ஆக்காதே, இருப்பதை இருக்கிறபடி காப்பாற்று என்பது அதன் சாரம். இந்த மனப்பான்மையிலிருந்து இன்னொரு வழக்கமும் ஊன்றியது. ஒரு கோயிலையோ மசூதியையோ சர்க்கார் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும்போது அங்கே வழிபாடு நடந்துகொண்டிருந்தால், அது தொடரலாம். நின்றுபோயிருந்தால், மறுபடி தொடங்கக் கூடாது. உயிருள்ள சின்னம், உயிரற்ற சின்னம் என்று இரண்டு ஜாதி.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்குப் புகை சிற்பத்தின் முகத்தைக் கறுப்பாக்கும். அபிஷேக எண்ணெய் கல்லில் ஊறும். பக்தி மிகுதியால் பழந்தூண்களுக்கு வர்ணம் பூசி, தரையில் மொஸைக் பதித்து, கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட தர்மகர்த்தாக்களை நாம் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். இலாகாவின் அச்சம் அனுபவத்தில் பிறந்த அச்சம்.

ஆனால் ஊர்க்காரர்களின் கேள்வியும் லேசானதல்ல. பூஜை எங்கள் விருப்பத்தால் நிற்கவில்லை; யுத்தத்தால் நின்றது. யுத்தம் முடிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. சாமி இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். பட்டியலில் பெயர் எழுதிய நாளில் அவர் வீட்டில் இல்லை என்பதற்காக, இனி எந்நாளும் வீட்டுக்குள் வரக்கூடாதா? இலாகா சம்மதிக்கவில்லை. 1981இல் லிங்கம் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்கு வந்து பிரதிஷ்டை ஆயிற்று. விதி ஒரு பக்கமும் ஊர் ஒரு பக்கமும் நின்றன, ஊர் ஜெயித்தது. இப்போது ஒரு தர்ம ஸ்தாபனம் பூஜைகளைக் கவனிக்கிறது. கட்டடத்தை இலாகா கவனிக்கிறது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை அதிகம் இல்லாத இரண்டு ஓரகத்திகளைப்போல் காலம் ஓடுகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். கோட்டைக்குள் ஒரு மசூதியும் இருக்கிறது. ஒரு மாதா கோயிலும் இருக்கிறது. 1846இல் கட்டிய தூய யோவான் தேவாலயத்தில் ஆராதனை நடக்கிறது. ஜலகண்டேசுவரருக்குத் தீபாராதனை நடக்கிறது. மசூதியில் மட்டும் தொழுகைக்கு அனுமதி இல்லை. அனுமதி வேண்டும் என்று முஸ்லிம்கள் கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் பதில், கோயிலுக்கு ஒரு காலத்தில் சொல்லப்பட்ட அதே பதில்தான். கோயில் விஷயத்தில் ஊர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு விதியை மாற்றாமல் ஒருவருக்காக வளைத்துவிட்டால், அது அடுத்தவர் தலையில் இரண்டு மடங்கு கனத்தோடு விழுகிறது. திருத்தவேண்டிய விதியைத் திறந்த சபையில் திருத்தியிருந்தால், இன்று ஒருவர் உள்ளேயும் ஒருவர் வாசலிலுமாக நிற்கவேண்டியிருக்காது.

விதி கோட்டையோடு நிற்கவில்லை. ஊருக்குள்ளும் இறங்கி வருகிறது. 1992 ஜூன் மாதத்து அறிவிக்கையின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். 2010இல் இதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். மீறினால் 2 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 100 மீட்டருக்குள் பழைய வீடு வைத்திருப்பவர் கூரையைச் செப்பனிடவும் மனுப் போடவேண்டும். ஒற்றைக் கோயில் நிற்கும் இடத்துக்கும், வேலூரைப்போல் ஊரின் நடுவயிற்றில் 133 ஏக்கர் கோட்டை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அளவுகோல் ஒன்றே. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலைப் பார்த்துத் தனித்தனியே துணைவிதி வகுக்கவேண்டும் என்று அதே 2010ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஊர் விதி என்று உண்மையில் சொல்லத்தக்கது அதுதான். ஜனங்களைக் கேட்டுச் செய்வதற்கு இடம் இருப்பதும் அங்கேதான்.

கோட்டை மட்டும் தனியாகப் பிழைக்கவும் முடியாது. 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பி, கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஜலகண்டேசுவரர் ஜலத்தில் நின்றார் என்று சிலர் மெய்சிலிர்த்தார்கள். அகழிக்கு வருகிற நீரும் அதைவிட்டுப் போகிற நீரும் ஊரின் வழியாகத்தானே போகவேண்டும்? கல்லை அளந்த சட்டம் கால்வாயை அளக்கவில்லை.

மேற்கே ஆம்பூர், வாணியம்பாடிச் சாலையில் போனால் இதன் மறுபக்கம் தெரியும். ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைத்துப் பதமிட்டுக் கப்பலேற்றிய ஊர்கள் அவை. தோல் மண்டிகளும், வணிகர்களின் பெரிய வீடுகளும், மசூதித் தெருக்களுமாக அங்கே ஒரு தனி நாகரிகமே எழுந்தது. பிற்காலத்துத் தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்து, 1996இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஆலைகளைக் கண்டித்துத் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. அந்தப் பாவமும் சரித்திரம்தான், உழைப்பும் சரித்திரம்தான். மத்திய சட்டப்படி ஒரு கட்டடம் புராதனச் சின்னமாக 100 வயது ஆகியிருக்கவேண்டும். ஆனால் வயது மட்டும் போதாது, கெஜட்டில் பெயர் வரவேண்டும். ராஜாக்களின் வீட்டுக்குச் சுலபமாக வருகிற பெயர், தோல் பதனிட்டவனின் கொட்டகைக்கு வருவதில்லை.

நம்முடைய பழைய ஏற்பாடு ஒன்று நினைவுக்கு வருகிறது. கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வைத்தார்கள். விரிசல் பார்ப்பது, கோபுரத்தில் முளைத்த அரசமரத்தைப் பிடுங்குவது, ஒழுகலை அடைப்பது எல்லாம் அந்தத் திருப்பணியில் அடங்கிவிடும். ஜப்பானில் ஈஸே ஆலயத்தை 20 வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். மரம் புதிது, முறை பழையது. உபயோகம் இருக்கிற வரையில்தான் பராமரிப்பு என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கண்டுகொண்டிருந்தார்கள்.

மார்ஷலின் கையேடு கல்லைக் காத்தது. ஊர் உயிரைக் காத்தது. கல் இல்லாவிட்டால் சாமி திரும்பி வர வீடு இருந்திருக்காது. ஊர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் வௌவால்தான் குடியிருந்திருக்கும். இரண்டு பேரையும் ஒரு பாயில் உட்காரவைத்துப் பேசச் செய்யும் விதி ஒன்றுதான் இன்னும் வேலூருக்கு வந்து சேரவில்லை. அது வந்தால், அந்தப் பழைய வசனத்தில் புதிதாக ஒரு குறையை யாரும் சேர்க்கவேண்டியிருக்காது.