கோமாளியின் முகமும் கனவானின் முகமும்

கோமாளியைக் கண்டு பயப்படுவது மனித இயற்கை என்று உளவியல்காரர்கள் சொல்கிறார்கள். மாறாத சிரிப்பு, வெள்ளைச் சாயம், எதையும் படித்துவிட முடியாத முகம். இருக்கட்டும். ஆனால் 'இயற்கை' என்று சொன்ன மாத்திரத்தில் வரலாறு காணாமல் போய்விடுகிறது. இந்தப் பயத்துக்குத் தேதி உண்டு, ஊர் உண்டு, இதனால் தப்பித்துக்கொண்டவர்களும் உண்டு என்பது என் வாதம்.

நாம் இன்று அறியும் வெள்ளைமுகக் கோமாளி, லண்டன் மேடையில் ஜோசப் கிரிமால்டியோடு (1778-1837) உருப்பெற்றவன். விழுந்து புரண்டு ஊரைச் சிரிக்கவைத்த அந்த உடம்பு நாற்பதுகளிலேயே நொறுங்கிப்போனது. 1828இல் விடைபெறும் நிகழ்ச்சியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடித்தார். அவருடைய நினைவுக்குறிப்புகளைச் செப்பனிட்டு 1838இல் வெளியிட்டவர் சார்லஸ் டிக்கன்ஸ். அதற்கு முன்பே 'பிக்விக்'கில் குடித்துச் சீரழிந்து சாகும் ஒரு கோமாளி நடிகனை எழுதியவரும் அவரே. சாயத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று துழாவும் பழக்கம் மத்தியதர வாசகனுக்கு இங்கே தொற்றுகிறது.

முதலில் கிடைத்தது துயரம். அடுத்துக் குற்றம். 1836இல் பாரீஸின் புகழ்பெற்ற மௌன நடிகர் டெபுரோ, தெருவில் தன்னைக் கேலி செய்த பையனைக் கைத்தடியால் அடிக்க, பையன் செத்துப்போனான். நீதிமன்றம் விடுதலை செய்தது. 1892இல் லியோன்கவாலோவின் இசை நாடகமான 'பாலியாச்சி'யில் கோமாளி மேடையிலேயே மனைவியைக் குத்திக் கொல்கிறான்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா இவனைக் கழுவிச் சுத்தமாக்கிக் குழந்தைகளிடம் அனுப்பியது. 1963இல் ரொனால்ட் மெக்டொனால்ட் வந்தான். சிரிப்பு விற்பனைப் பிரதிநிதியானது.

பிறகு 1978 டிசம்பர். சிகாகோ அருகே ஜான் வெய்ன் கேசி கைதானான். நிரூபிக்கப்பட்டவை 33 கொலைகள். 1994இல் மரண தண்டனை நிறைவேறியது. குழந்தைகள் மத்தியில் கோமாளி வேஷம் போட்டவன் என்பதால் பத்திரிகைகள் 'கொலைகாரக் கோமாளி' என்று பெயர் சூட்டின. சரி, இவன் இளைஞர்களை எப்படி வீட்டுக்கு வரவழைத்தான்? வேலை தருகிறேன் என்று சொல்லி. சில சமயம் போலீஸ்காரன் மாதிரி நடித்து. கட்டட ஒப்பந்தக்காரன், ஜனநாயகக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளன், அதே 1978இல் அதிபரின் மனைவி ரோசலின் கார்ட்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டவன். ஏற்கெனவே 1968இல் அயோவாவில் ஒரு சிறுவனிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவனும்கூட. காணாமல் போனவர்களில் பலரை, வீட்டை விட்டு ஓடிப்போன பையன்கள் என்று போலீஸ் தள்ளிவிட்டது. அவனைக் காப்பாற்றிய முகமூடி கௌரவம்தான். ஆனால் வெகுஜன நினைவில் தங்கியது சாயம் மட்டும். முதலாளி, கட்சிக்காரன், போலீஸின் அலட்சியம் எல்லாம் நழுவிவிட்டன.

1986இல் ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவலும் 1990இல் அதன் தொலைக்காட்சி வடிவமும் பென்னிவைஸை வீட்டுக்குள் கொண்டுவந்தன. 2016இல் தென் கரோலினாவில் தொடங்கிய கோமாளி வதந்தி பல நாடுகளுக்குப் பரவ, மெக்டொனால்ட்ஸே தன் கோமாளியை வெளியே அனுப்பத் தயங்கியது.

2019இல் வேறொன்று நடந்தது. 'ஜோக்கர்' படத்தின் சாயத்தைப் பூசிக்கொண்டு பெய்ரூட்டிலும் சாந்தியாகோவிலும் போராட்டக்காரர்கள் தெருவில் நின்றார்கள். சிரிக்கப்பட்டவன் திருப்பிச் சிரிக்கிறான். ஒரு ஹாலிவுட் கம்பெனி விற்ற முகம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த முகத்தைக் கண்டு அன்று கலங்கியவர்கள் குழந்தைகள் இல்லை.