அரக்குத் தட்டிலிருந்து கணிப்பொறிக்கு

தமிழ் இசைத்தட்டு வரலாற்றில் காரைக்குடிக்குத் தனி இடம் உண்டு. ஆவிச்சிச் செட்டியார் இவ்வூரில் நடத்திய ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்பனையாயின. அவர் மகன் மெய்யப்பன் (1907-1979) விற்பதோடு நில்லாமல் தட்டுகளைத் தயாரிக்கவும் விரும்பினார். சென்னை சென்று, நண்பர்களுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, 1930களில் ஜெர்மானிய ஓடியன் நிறுவனத்தின் முத்திரையோடு தென்னாட்டுப் பாடல்களை வெளியிட்டார். ஏவி.எம். படத்துறைக்கு வந்தது இசைத்தட்டின் வழியேதான்.

அக்காலத் தட்டுகளை வீடுகளில் இன்னும் வைத்திருப்போர் இப்போது அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றி வருகின்றனர். எந்தத் தரத்தில் பதிவது என்பதே முதற்கேள்வி. "பழைய தட்டுக்கு 128 கிலோபிட் எம்பி3 போதும்" என்பது பலரும் சொல்லும் விடை. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. 1925-இல் மின்முறைப் பதிவு வரும்வரை பாடகர் ஒரு புனலுக்குள் பாடினார். பிற்பட்ட தட்டுகளிலும் மிக நுண்ணிய மேலொலிகள் அரிது. இல்லாத ஒலிக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இக்கேள்வி இரைச்சலை மறந்துவிடுகிறது. அரக்குத் தட்டில் குரலோடு கரகரப்பும் வெடிப்பொலியும் கலந்தே வருகின்றன. எம்பி3 முறை, காதுக்கு எட்டாது என்று தான் கருதும் பகுதிகளைக் கழித்துவிடும். ஆனால் குரல் எது, கீறல் எது என்று அதற்குத் தெரியாது. ஒதுக்கிய இடத்தில் பெரும்பங்கை ஓயாத இரைச்சலே எடுத்துக்கொள்ள, குரல் மங்குகிறது. வெடிப்பொலியைப் பின்னர் மென்பொருளால் நீக்குவதற்கும் அதன் விளிம்பு கூர்மையாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், சுருக்காத வடிவில், குறைந்தது 24 பிட், நொடிக்கு 48,000 மாதிரி என்று பரிந்துரைப்பது இக்காரணங்களையும் கருதியே. பல காப்பகங்கள் 96,000 மாதிரியில் பதிகின்றன.

கணக்குப் பார்ப்போம். மூன்று நிமிடம் ஓடும் ஒரு பக்கம், 128 கிலோபிட் எம்பி3-இல் ஏறத்தாழ 3 மெகாபைட். 24 பிட், 96,000 மாதிரி, இரு தடம் என்றால் 104 மெகாபைட். 200 தட்டுகளின் 400 பக்கங்களும் சேர்ந்து 42 ஜிகாபைட்டுக்குள் அடங்கும்; 64 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்று போதும். இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் வடிவில் இடம் இன்னும் குறையும்.

கணிப்பொறிக்கு முன்னரே செய்ய வேண்டிய தேர்வுகளும் உண்டு. நீளிசைத் தட்டின் மெல்லிய ஊசி, 78 சுற்றுத் தட்டின் அகன்ற பள்ளத்தில் அடியைத் தொட்டு இரைச்சலைக் கூட்டும்; ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். இங்கே நேர்ந்த பிழையை மென்பொருள் திருத்தாது. வேகமும் அப்படிக் கவனிக்கத்தக்கது. எல்லாத் தட்டுகளும் துல்லியமாக 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் பாடகரின் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும். அதை நம்பி ஒருவர் அந்நாளைய பாடகர்களின் கட்டையை ஆராய்ந்தால், பிழையே வரலாறாகிவிடும். நல்வேளையாக, மூலப்பதிவு முழுமையாக இருந்தால் இதைப் பின்னரும் திருத்தலாம்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள், அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அங்கே பழைய நூல்கள் நுண்படமாக்கப்பட்டன. நுண்படத்தில் காப்புப்படி வேறு, வாசகர் கைக்குப் போகும் படி வேறு என்பது நூலகத்தார் மரபு. ஒலிக்கும் இதுவே பொருந்தும். இரைச்சலோடு கூடிய முழுப்பதிவு காப்புக்கு. அதிலிருந்து எடுத்த எம்பி3 கேட்பதற்கு. பெரியதிலிருந்து சிறியதை எப்போதும் ஆக்கலாம். சிறியதிலிருந்து பெரியதை மீட்க முடியாது.

அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். சில பாடல்களுக்கு ஒரு வீட்டிலிருக்கும் அந்த ஒரே தட்டுதான் சான்றாக எஞ்சியிருக்கவும் கூடும். வைத்திருக்கும் அன்பர்கள் மாற்றும்போது, தங்கள் காதுக்குப் போதுமா என்று பார்ப்பதோடு, நாளை இதை ஆராயப்போகிறவருக்குப் போதுமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.